ஜீவமணியின் ஜெபக் குறிப்பு

அத்தியாயம் 14

மஞ்சள் வேன் கோயில் முக்கில் நின்று ஹாரன் அடித்தது. ஸ்டெபி பாதித் தோசையைத் தட்டில் விட்டுவிட்டு எழுந்து கை கழுவினாள்.

"இன்னைக்குத்தான மீட்டிங்?"

"ம்" என்றாள் ஜெபசுதா.

"பயமா இருக்காம்மா?"

ஜெபசுதா சேலை மடிப்பில் பின் குத்திக்கொண்டிருந்தாள். மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாள். அவளுக்கு முன்னால் ஊர்ப் பிள்ளைகள் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். டை கட்டிய பிள்ளைகள். அவர்களில் பாதிப் பேருடைய அப்பா அம்மாவுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் ஜெபசுதா. வேன் உடன்குடி ரோட்டில் திரும்பிப் போனது. அது கிளப்பிய செம்மண் தூசி அடங்க நேரமாயிற்று.

ஸ்டெபி வேலை பார்க்கும் இங்கிலீஷ் மீடியம் பள்ளியின் வேன் அது. ஜெபசுதாவின் பள்ளியில் பிள்ளைகள் குறைந்தது அந்த வேனால். மாதம் பிறந்தால் மகளுக்குச் சம்பளம் வருவதும் அந்த வேனால். வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அவள் கணவர் நேசக்குமார் விடியுமுன்பே உடன்குடி பஜாருக்குக் கடை திறக்கப் போய்விட்டார். போகும்போது வாசலில் நின்று, அண்ணனிடம் பார்த்துப் பேசு, அவருக்குச் சட்டென்று கோபம் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அண்ணனோடு மறுபடி பேச ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. திருச்சபைத் தேர்தலில் அண்ணன் ஒரு அணி, தம்பி ஒரு அணி. தேர்தல் முடிந்தும் பகை முடியவில்லை. ஒரே தெருவில் இருந்துகொண்டு இரண்டு கிறிஸ்மஸுக்குக் கேக் மாற்றிக்கொள்ளாதவர்கள். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அருமைநாயகம் தாமாகவே படியேறி வந்து, பள்ளிக்கூடத்துக்காக வந்திருக்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்தார். ஜெபசுதா அவருக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்தார். அதோடு பகை தீர்ந்தது.

பள்ளிக்கூடத்தின் நிலைமை அப்படி.

கிருபாபுரத்தில் இரண்டு பள்ளிகள். கோயிலை ஒட்டி மிஷன் பள்ளி, எட்டாம் வகுப்பு வரை. அதற்கு ஜெபசுதா தலைமையாசிரியை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. அதற்குச் சண்முகவடிவு. இரண்டு பள்ளிகளும் இத்தனை காலம் ஒரே பிள்ளைகளுக்காகப் போட்டி போட்டன. ஜூன் மாதம் பிறந்தால் இரண்டு தலைமையாசிரியைகளும் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி ஒரே தெருவில் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். இப்போது போட்டி போடவும் பிள்ளை இல்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் திருச்செந்தூர் பஸ்சில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம் கிடைத்தது. இறங்குவதற்குள் பேசி முடித்தார்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லாப் பிள்ளைகளும் அங்கே. ஆறிலிருந்து எட்டு வரை எல்லாப் பிள்ளைகளும் இங்கே. சத்துணவு ஒரே இடம். கம்ப்யூட்டர் ஒரே இடம். இரண்டு பள்ளியும் பிழைக்கும்.

பி.இ.ஓ. என்னும் வட்டாரக் கல்வி அலுவலர் முருகேஸ்வரிக்கு யோசனை பிடித்திருந்தது. ஆனால் ஒன்று சொன்னார். ஆறு, ஏழு, எட்டில் எண்ணிக்கை குறையாமல் நிற்க வேண்டும். நின்றால் அவர் பரிந்துரை எழுதுவார். நிற்காவிட்டால் ஜூனில் எல்லாப் பிள்ளைகளையும் உடன்குடிக்கு அனுப்பிவிட்டுப் பள்ளியைப் பூட்டச் சொல்லிவிடுவார்கள்.

எண்ணிக்கை நின்றது. ஜீவமணியின் மூன்று பிள்ளைகளையும் சேர்த்தால் நின்றது.

ஜீவமணியின் வீடு பூட்டிக் கிடந்தது. காலாண்டு விடுமுறையில் அவளும் புருஷனும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார்கள். அங்கிருந்து இரண்டு தடவை போன் செய்தாள். டிசி கேட்டாள். கல்வித்துறையின் எமிஸ் கணினிப் பதிவில் பெயரை விடுவிக்கச் சொல்லி அங்குள்ள பள்ளியில் கேட்பதாகச் சொன்னாள். ஜெபசுதா மறுக்கவில்லை. மார்ச் வரைக்கும் பொறு என்றாள். அதுவரை வகுப்பில் சும்மா உட்கார வைக்கச் சொல், நல்ல ஆட்கள் என்றால் உட்கார வைப்பார்கள் என்றாள். உட்கார வைத்திருப்பார்கள் என்று நம்பினாள். நம்புவது வசதியாக இருந்தது.

தினமும் காலையில் செல்போனில் வருகைப் பதிவு போடும்போது அந்த மூன்று பெயர்களும் வரும். ஜெஸ்லின், எட்டாம் வகுப்பு. பெனிஸ்டன், ஏழு. அகஸ்டின், ஆறு. வந்திருக்கிறார்கள் என்று அழுத்த முதலில் விரல் தயங்கியது. பிறகு தயங்கவில்லை.

*

அருமைநாயகம்தான் முதலில் வந்தார். தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது சபைச் செயலாளர். பள்ளிக் கட்டடம் சபையுடையது. அவர் சரி என்று சொல்லாமல் அடுத்த பள்ளிப் பிள்ளைகளை இங்கே உட்கார வைக்க முடியாது.

"என்ன சுதா, பெஞ்செல்லாம் துடைச்சு வச்சிருக்க. கலெக்டரா வாராவ?"

"பி.இ.ஓ. அம்மா வாராவ அத்தான்."

"அவ்வோ போதும். நம்மள மூடுததுக்குக் கலெக்டர் எதுக்கு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஜெபசுதாவுக்கும் சிரிப்பு வந்தது. நல்ல மனநிலையில்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்து அய்யாக்குட்டி வந்தார். ஊராட்சித் தலைவராக இருந்தவர். பதவிக் காலம் முடிந்துவிட்டது. இன்னும் தேர்தல் வரவில்லை. தலைவரே என்று கூப்பிட்டால்தான் இப்போதும் திரும்பிப் பார்ப்பார். அவர் பின்னாலேயே சண்முகவடிவு ஒரு தூக்குச்சட்டி நிறைய அவித்த பனங்கிழங்கோடு வந்தாள்.

"பி.இ.ஓ. கோவில்பட்டிக்காரி. கிழங்கு உரிக்கத் தெரியுமோ என்னமோ" என்றார் அய்யாக்குட்டி.

"நீங்க உரிச்சுக் குடுங்க தலைவரே. பதவி போன ஆளுக்கு வேற என்ன வேலை இருக்கு" என்றாள் சண்முகவடிவு.

முருகேஸ்வரி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றியபோது நெற்றியில் தூசிக்கோடு தெரிந்தது. அனல்மின் நிலையத்துக்குப் போகும் லாரிகளுக்குப் பின்னால் வந்திருக்கிறார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு, முதலில் பிள்ளைகளைப் பார்த்துவிடலாம் என்றார்.

ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பும் ஒரே அறையில் இருந்தன. பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். முருகேஸ்வரி அவர்களைக் கண்ணாலேயே எண்ணினார். ஜெபசுதாவுக்கு அந்தப் பார்வை தெரியும். அவளும் அப்படித்தான் எண்ணுவாள்.

"மூணு பேர் குறையுது டீச்சர்."

"ஒரே வீட்டுப் பிள்ளைய மேடம். சாத்தான்குளத்துல ஒரு துக்கம். போயிருக்காவ."

"யாரு தவறினது?"

"தாத்தா."

சொல்லை நாக்கு தேடவே இல்லை. இல்லாத ஒரு கிழவனைச் சாகடித்துவிட்டு ஜெபசுதா அலுவலரைக் கூட்டம் நடக்கும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முருகேஸ்வரி வேறொன்றும் கேட்கவில்லை. அவர் இன்றைக்குப் பரிந்துரை எழுதிவிடுவார் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. எப்படியாவது ஒரு பள்ளியையாவது பூட்டாமல் விட வேண்டும் என்று நினைக்கிறவர் மாதிரிதான் நடந்தார்.

*

ஐந்து நாற்காலிகள். நடுவில் ஒரு மேசை. ஆரம்பிக்கலாமா என்று முருகேஸ்வரி கேட்டார்.

அப்போதுதான் ஜெபசுதா அதைச் செய்தாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. அத்தானை முன்னால் வைத்தால் அவர் மனது நிறையும், மனது நிறைந்தால் கட்டடத்துக்குச் சரி என்பார் என்று நினைத்தாள். இரண்டு வருடப் பகைக்கு ஈடாக ஒரு மரியாதை. அவள் வளர்ந்த வீட்டில் எந்தக் காரியமும் இப்படித்தான் தொடங்கும். வேறு மாதிரித் தொடங்க அவளுக்குத் தெரியாது.

"அத்தான், சின்னதா ஒரு ஜெபம் பண்ணிருங்க."

முருகேஸ்வரி சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். அய்யாக்குட்டியும் சண்முகவடிவும் பழகியவர்கள். கண்ணை மூடினார்கள்.

அருமைநாயகத்தின் ஜெபம் ஊரறிந்தது. பொதுவாக எதையும் கேட்க மாட்டார். பெயர் சொல்லித்தான் கேட்பார். ஊரை விட்டுப் போனவர்கள் சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் அவருக்குத்தான் போன் செய்வார்கள். எனக்கு இப்படி ஒரு கஷ்டம், ஜெபத்தில் வையுங்கள் என்பார்கள். ஜெபக் குறிப்பு என்று அதற்குப் பெயர். ஒருவர் குறிப்புக் கொடுத்துவிட்டால் அடுத்து எங்கே ஆட்கள் கூடி ஜெபித்தாலும் அதைச் சொல்லியாக வேண்டும் என்பது அவர் வைராக்கியம். கல்யாண வீட்டில் ஜெபிக்கச் சொன்னால் அதில் மஸ்கட்டில் கால் முறிந்தவன் வருவான். மாப்பிள்ளை வீட்டார் முழிப்பார்கள்.

ஜெபசுதாவுக்கு இதெல்லாம் தெரியும். இரண்டு வருடம் அவர் ஜெபத்தைக் கேட்காததில் மறந்திருந்தாள்.

வெயிலில் வண்டியோட்டி வந்த அலுவலர் அம்மாவுக்காக அருமைநாயகம் நன்றி சொன்னார். அய்யாக்குட்டி அண்ணாச்சியின் முழங்கால் வலிக்காகக் கேட்டார். அய்யாக்குட்டி மூடிய கண்ணோடு முழங்காலைத் தடவிக்கொண்டார். சண்முகவடிவு டீச்சரின் மகனுக்கு நல்ல வேலை அமைய வேண்டும் என்றார். இரண்டு பள்ளியும் ஒன்றாக நிற்கும் இந்த ஒற்றுமை கர்த்தருடைய காரியம் என்றார். அவர் சம்மதம் அதிலேயே கிடைத்துவிட்டது. ஜெபசுதாவின் தோள் தளர்ந்தது.

குரல் இறங்கியது. குறிப்புகளுக்கு வந்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்த அதே நொடியில் ஜீவமணியும் ஊரை விட்டுப் போனவள் என்பது உறைத்தது. கையை நீட்டி அவர் வாயை மூட முடியாது.

"ஆண்டவரே, திருப்பூர்ல இருக்க உம்முடைய பிள்ளை ஜீவமணிய நினைச்சருளும். சனிக்கிழமை போன்ல அழுதா. ஜெஸ்லினும் பெனிஸ்டனும் சின்னவன் அகஸ்டினும் காலாண்டு லீவுல போனவங்க. இன்னும் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சேக்கல. நாள் முழுக்க ஒரு ரூமுக்குள்ள அடைஞ்சு கிடக்காவ. அந்தப் பிள்ளையளுக்கு ஒரு கதவத் திறந்து குடும்."

ஜெபசுதா கண்ணைத் திறந்தாள்.

முருகேஸ்வரியின் கண்களும் திறந்திருந்தன. தலைப்புக்கு அடியிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. மற்ற மூன்று பேரும் கண்ணை மூடி இருந்தார்கள். ஜெபம் இன்னும் முடியவில்லை. மழைக்காக, தேசத்துக்காக, தலைவர்களுக்காகப் போய்க்கொண்டிருந்தது. அது முடியும் வரை இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆமென்" என்றார்கள் எல்லோரும். முருகேஸ்வரியும் சொன்னார்.

*

கூட்டம் நடந்தது. அதுதான் கொடுமை.

அய்யாக்குட்டி பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவைப் பற்றிப் பேசினார். கதவு உடைந்து கிடக்கிறது, நான் பதவியில் இருந்தால் ஒரே நாளில் போட்டிருப்பேன் என்றார். பதவியில் இருந்த காலத்திலும் அது உடைந்துதான் இருந்தது என்று சண்முகவடிவு நினைவுபடுத்தினாள். குடிநீர்த் தொட்டி பேசப்பட்டது. ரோட்டைக் கடக்க ஒரு வேகத்தடை பேசப்பட்டது. லாரிகள் நிற்பதில்லை. தெரிந்த ஷேர் ஆட்டோக்காரர் ஒருவரைப் பேசி, செம்மணல் தேரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைகளைக் கூட்டிவரலாம் என்று சண்முகவடிவு சொன்னாள். மஞ்சள் வேனுக்குப் பதில் மஞ்சள் ஆட்டோ என்றார் அய்யாக்குட்டி. சிரித்தார்கள்.

முருகேஸ்வரி எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். சரி என்றார். பார்க்கலாம் என்றார். முன்பு அவர் பார்க்கலாம் என்று சொல்கிறவர் இல்லை. முடியும், முடியாது என்றுதான் சொல்வார். பனங்கிழங்கை அழகாக நார் உரித்துத் தின்றார்.

ஜெபசுதாவிடம் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. கேட்டால் பதில் ஏதாவது சொல்லலாம். வேறு ஜெஸ்லின், வேறு பெனிஸ்டன் என்றுகூடச் சொல்லிப் பார்க்கலாம். அப்படிச் சொல்லத் தன் வாய் தயாராக இருந்ததை அவள் கவனித்தாள்.

ஆட்டோப் பேச்சுக்குப் பிறகு சண்முகவடிவு பேச்சைக் குறைத்துவிட்டாள். அவளும் ஜெபத்தைக் கேட்டவள்தானே. மேசையில் கிடந்த கிழங்குத் தோலைத் திரும்பத் திரும்பக் கூட்டி வைத்தாள்.

கூட்டம் கலைந்ததும் முருகேஸ்வரி, ஸ்கூட்டி வரைக்கும் வாங்க டீச்சர் என்றார். வேப்பமரத்தடியில் நின்றார்கள்.

"துக்கம்னு சொன்னீங்களே. அந்தத் தாத்தா இருக்காரா?"

ஜெபசுதா தரையைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாம இருந்திருந்தா எழுதியிருப்பேன். சந்தேகம் இருந்திருந்தாலும் எழுதியிருப்பேன். எத்தனையோ பள்ளியில நான் சந்தேகத்தோடதான் எழுதுறேன்." ஹெல்மெட்டைக் கையில் திருப்பிக்கொண்டே பேசினார். "அந்தப் பிள்ளைங்க அங்க படிச்சிக்கிட்டு இருந்து, பேரு மட்டும் இங்க இருந்தா அது ஒரு தப்பு. நாலு மாசமா எங்கயும் படிக்கலைன்னா அது வேற டீச்சர்."

"அங்கன உக்கார வச்சிருப்பாவன்னு நினைச்சேன் மேடம்."

"விசாரிச்சீங்களா?"

"இல்ல."

முருகேஸ்வரி ஹெல்மெட்டை வண்டியின் மேல் வைத்தார். பிறகு, சாயங்காலத்துக்குள் மூன்று பெயரையும் விடுவித்துவிட வேண்டும், அதற்கு மேல் இதை நான் கிளற மாட்டேன் என்றார். இரண்டு பள்ளித் திட்டத்தைப் பற்றி ஜெபசுதா கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

"மூணு பேரு போனா எதை எழுத டீச்சர்? எண்ணிக்கை இல்லாத காகிதத்த அங்க முதல் மேசையே தாண்ட விடாது. எனக்கும் இது ஆசையாத்தான் இருந்துச்சு."

ஸ்கூட்டி கிளம்பிப் போனது. சண்முகவடிவு தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. அக்கா, என் பள்ளிக்கும் பேர் கூப்பிட்டுப் பார்க்க வருவாங்களோ என்று கேட்டாள். அங்கேயும் வராத பிள்ளைகளின் பெயர்கள் இருக்கின்றன என்று ஜெபசுதாவுக்குப் புரிந்தது. தெரியவில்லை என்றாள். சண்முகவடிவு ரோட்டைக் கடந்து வேகமாகப் போனாள். அவர்களுடைய ஒத்துழைப்பு அதோடு முடிந்தது.

அருமைநாயகம் இன்னும் நாற்காலியிலேயே இருந்தார். துறைமுகத்தில் ஆபீஸ் வேலை பார்த்தவர். அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"டிசி கேட்டாளா உங்கிட்ட?"

"கேட்டா அத்தான்."

"ஏன் குடுக்கல?"

"குடுத்தா பள்ளிக்கூடம் போயிரும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

"நான் வாரா வாரம் ஆண்டவர்ட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன் சுதா. உங்கிட்ட கேட்டிருக்கணும். நான்தான் உங்க வீட்டுக்கு வராம இருந்தேன்."

எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார். ஜெபசுதா நாற்காலிகளை ஒவ்வொன்றாக அந்தந்த வகுப்பில் கொண்டுபோய்ப் போட்டாள்.

*

ஸ்டெபி சாயங்காலம் வந்தபோது அம்மா லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரை திறந்திருந்தது. எதையும் தொடவில்லை.

"என்னம்மா ஆச்சு?"

சொன்னாள். சுருக்கமாகவே சொன்னாள். பெரியப்பா ஜெபம் பண்ணியதைச் சொன்னபோது ஸ்டெபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவும் சிரிப்பாள் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

அவளிடமும் ஒரு செய்தி இருந்தது. சொல்லாமல் வைத்திருக்கலாம். ஆனால் நாளைக்கு அம்மாவே கண்ணால் பார்க்கப் போகிறாள்.

"நாளைக்கு வீடு வீடா கான்வாஸ் பண்ண நம்ம ஊரப் போட்டிருக்காவம்மா. அடுத்த வருஷ அட்மிஷனுக்கு. உள்ளூர் ஆளு நான்தான் முன்னால போகணுமாம். முடியாதுன்னு சொன்னா வேலை இருக்காது."

"போ" என்றாள் ஜெபசுதா.

"உங்க பள்ளிக்கூடப் பிள்ளைய வீட்டுக்கும் போகணும்."

"போம்மா. இனிமே யாரு வீட்டுக்குப் போனா என்ன."

ஸ்டெபி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மவுஸைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள். பெயரை விடுவித்தால் அது பொதுத் தொகுப்புக்குப் போகும். அங்கிருந்து திருப்பூர்ப் பள்ளி எடுத்துக்கொள்ளலாம். செல்போனுக்கு வந்த எண்ணை ஜெபசுதா வாசித்தாள். ஸ்டெபி அடித்தாள். முதலில் அகஸ்டின். பிறகு பெனிஸ்டன். பிறகு ஜெஸ்லின். வெகுகாலமாகப் பூட்டி வைத்ததைத் திறக்க இவ்வளவு கொஞ்ச நேரம்தான் ஆனது. ஆறு, ஏழு, எட்டின் எண்ணிக்கை திரையில் தானாகக் குறைந்தது.

அவ்வளவுதான். ஜூனில் பள்ளியைப் பூட்டுவார்கள். ஜெபசுதா அழவில்லை. ஒரு சரியான காரியத்தையாவது இன்றைக்குச் செய்திருக்கிறோம் என்று நினைத்தாள். அதை ஜீவமணியிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. போனை எடுத்தாள்.

நெடுநேரம் மணி அடித்து நின்றது. மறுபடி அழைத்தாள். எடுத்தது ஜீவமணி இல்லை.

"டீச்சரா? ஜெஸ்லின் பேசுதேன்."

பின்னால் மெஷின்களின் இரைச்சல். ஜெபசுதா சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. பெயரை விட்டாச்சு, நாளைக்குக் காலையிலேயே அம்மாவைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போ, இனி அவர்கள் சேர்க்க மாட்டோம் என்று சொல்ல முடியாது என்றாள்.

"மூணு பேருக்குமா டீச்சர்?"

"மூணு பேருக்கும்தான்."

"தம்பியளுக்கு மட்டும் போதும் டீச்சர். எனக்கு வேண்டாம். நான் வேலைக்குச் சேந்துட்டேன்."

"என்ன வேலை?"

"பிசிறு வெட்டுதேன். பனியன்ல நூலு நீட்டிக்கிட்டு இருக்கும்லா, அத. கிறிஸ்மஸ் கழிஞ்சு சேத்துவிட்டாவ. ரூமுக்குள்ளயே இருந்தா கிறுக்குப் பிடிக்கும் டீச்சர். இங்கன பரவாயில்ல."

குரலில் வருத்தம் இல்லை. வகுப்பில் கேள்விக்குப் பதில் தெரிந்தால் எழுந்து சொல்வாளே, அந்தக் குரல்.

"போன அம்மாட்ட குடு."

"அம்மா வேற கம்பெனி. போன எங்கிட்ட குடுத்துட்டுப் போயிருக்கா. வர நேரமாவும்."

"நீ எந்தக் கம்பெனியில இருக்க?"

ஜெஸ்லின் குரலைத் தாழ்த்தினாள்.

"பேரு சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்காவ டீச்சர். ஆரு கேட்டாலும் வயசு பதினெட்டுன்னு சொல்லணும்." பிறகு வேறு யாரிடமோ, வீட்டிலிருந்துதான் அண்ணே என்றாள். இணைப்பு அறுந்தது.

ஜெபசுதா திரும்ப அழைத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

ஸ்டெபி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஜெஸ்லின் பெயரைத் திருப்பி எடுக்க முடியுமா என்று ஜெபசுதா கேட்டாள்.

"முடியும்மா. ஆனா நம்ம பள்ளிக்கூடத்துல இருக்கான்னுதான் மறுபடியும் ஆவும். இல்லாத பிள்ளைய இருக்குன்னு."

"விட்டுட்டா?"

"தம்பிமாரத் தேடி ஒரு பள்ளிக்கூடம் வரும். இவளை ஆரு தேடப் போறா? எங்கயும் இல்லாத மாதிரிதான்."

திரையில் ஜெஸ்லின் பெயர் இருந்தது. பெயருக்கு நேரே பள்ளி என்ற கட்டம் காலியாக இருந்தது. ஸ்டெபி மவுஸில் கை வைத்தபடி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லும்மா. என்ன செய்ய?"